கொழுந்தோடு காய்ந்த இடாப்பு

பள்ளிக்கூடத்தின் பழைய காகிதங்களைக் காப்பாற்றப் போகிறவர்களுக்கு முதலில் வருவது தும்மல். பாராட்டு வருவதற்குள் பள்ளிக்கூடத்தை விட்டே போய்விடுவீர்கள். இந்த வேலையில் மாட்டிக்கொண்ட சக மாணவர்களே, என் கதையையும் கேளுங்கள்.

அலுமாரி திறந்த அன்று

இலங்கை மலைநாட்டில், பூண்டுலோயாப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டப் பள்ளியில், உயர்தர வகுப்பு மாணவிகள் மூவர் வரலாறு சேகரிக்கக் கிளம்பினோம். அலுமாரிக்குள் பழைய சேர்வு இடாப்பு கிடந்தது, பள்ளியில் சேர்ந்த பிள்ளைகளின் பெயரும் பிறந்த தேதியும் எழுதிய பதிவேடு. மூடுபனி ஈரத்தில் தாளெல்லாம் ஒட்டிப்போயிருந்தது.

செய்தி கேட்டு, கொழுந்து பறிக்கும் மாரியாயி பெரியம்மா வந்தார். அவருக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லை. தோட்டத்து ஆபிஸ் குத்துமதிப்பாக ஒரு வயது போட்டிருந்தது. ஓய்வு கேட்டதற்கு, வெள்ளிக்கிழமைக்குள் ஆதாரம் கொண்டுவரச் சொன்னார்களாம். சின்ன வயதில் இரண்டு வருடம் எங்கள் பள்ளியில்தான் படித்தாராம்.

"இன்னும் மூணு வருசம் மலை ஏறணுங்கறாங்க, பாப்பா. முட்டி கேக்க மாட்டேங்குது."

என் அபார மூளை

ஈரத் தாள்களைக் காயவைக்க, வியாழக்கிழமை வரை வெயில் எட்டிப் பார்க்கவில்லை. என் அப்பாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டும் மேல்மாடியில் வேலை. அங்கே கம்பிவலைத் தட்டுகளுக்கு அடியிலிருந்து சூடான காற்று வரும். இடாப்பைப் பிரித்து, காலித் தட்டொன்றில் தாள்களைப் பரப்பலாம் என்று சொன்னது நான்தான்.

பரப்பிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனோம். அந்த நேரம் பார்த்து யாரோ பெரிய காற்றாடியைப் போட்டுவிட்டார்கள். தாள்கள் பறந்துபோய்ப் பக்கத்துத் தட்டுகளில் கிடந்த கொழுந்துக்குள் விழுந்தன. பொறுக்கி எண்ணினால் ஒன்று குறைந்தது, பெரியம்மா சேர்ந்த வருடத்துத் தாள். வாடிய கொழுந்து அரைக்கிற உருளைக்கு இறங்கப் பத்து நிமிடம்தான் இருந்தது. ஓடிப்போய், தொழிற்சாலையைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கர் ஐயாவிடம் கெஞ்சினேன்.

"கொழுந்தோட சேத்து ஒங்க பள்ளிக்கூடத்தையும் அரைச்சுப்புடவா?"

பத்து நிமிடம்

திட்டினாலும் மனிதர் கொழுந்தை இறக்காமல் நிறுத்தி வைத்தார். நாங்கள் கைக்கு வந்தபடி கிளறினோம். கீழே கொழுந்தை எடை போட்டுவிட்டு நின்ற பெரியம்மா, விஷயம் கேள்விப்பட்டு முட்டியைப் பிடித்துக்கொண்டே மேலே ஏறி வந்தார். என்னைத் திட்டவில்லை, அதுதான் இன்னும் வலித்தது. தட்டின் ஓரத்திலிருந்து வரிசையாக, கொழுந்தை மெல்லப் புரட்டிக்கொண்டு போனார். ஐந்தாவது தட்டில் தாள் இருந்தது.

மை கலங்கியிருந்தது. ஆனாலும் பெயரும் பிறந்த தேதியும் தெரிந்தன. இரண்டு தடவை கணக்குப் பார்த்துவிட்டு, ஓய்வு வயது போன வருடமே தாண்டிவிட்டது என்று சொன்னேன். பெரியம்மா அந்த வரியை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"அப்ப, இந்த ஒரு வருசமா நான் எதுக்கு மலை ஏறுனேன், பாப்பா?"

பள்ளி வரலாறு இன்னும் எழுதி முடியவில்லை, தும்மலும் நிற்கவில்லை. ஆனால் பெரியம்மாவின் கதை கேட்டு, இடாப்பில் தங்கள் வயதைப் பார்த்துச் சொல்லச் சொல்லிப் பள்ளி வாசலில் இப்போது ஆறு பெண்கள் நிற்கிறார்கள்.