கோலிக்குண்டு உருண்ட தரை

எங்கள் வீட்டுக் குளியலறையில் சோப்பு வைக்கிற மாடத்தில் பச்சைக் கோலிக்குண்டு ஒன்று இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் கைகழுவப் போய்விட்டு வந்து, "யாரு வெளையாடுற கோலி?" என்று கேட்பார்கள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. இப்போது இந்த வீட்டில் இருப்பது நான் ஒருத்திதான். "நாந்தான் வெளையாடுறேன்" என்பேன். சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். நான் சொன்னது முழுப்பொய்யும் இல்லை. குளித்து முடித்ததும் அந்தக் கோலியை எடுத்துக் கதவோரம் தரையில் வைத்து விரலை விடுவேன். அது தானாக உருண்டு, டைல்ஸ் இணைப்புகளை டக் டக்கென்று தாண்டி, மூலையில் தண்ணீர் போகிற சல்லடை மூடிமேல் போய் நிற்கும். எடுத்துத் துடைத்துப் பழைய இடத்தில் வைத்துவிட்டு வெளியே வருவேன்.

அது என் மச்சான் வாங்கச் சொன்ன கோலி. எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் புருஷனை மச்சான் என்றுதான் கூப்பிடுவோம். கல்யாணமான கையோடு வளைகுடாவுக்குப் போனவர், டைல்ஸ் ஒட்டுகிற கொத்தனார். அங்கே எத்தனை வீட்டு அடுப்படிக்கும் குளியலறைக்கும் தரை போட்டார் என்று அவருக்கே தெரியாது. எங்கள் ஊர் வீரசோழனில் இருக்கிற பழைய வீட்டை மட்டும், வேறு ஆளைக் கிட்ட விடாமல், லீவுக்கு லீவு கொஞ்சம் கொஞ்சமாகத் தன் கையாலேயே மாற்றிக்கொண்டு வந்தார். ஒரு லீவில் அடுப்படிக்கு மேடை கட்டினார். கிரானைட் எல்லாம் பதித்துத் துடைத்துவிட்டு, "வந்து நில்லு புள்ள" என்றார். போய் நின்றேன். மேடை என் நெஞ்சு உயரத்துக்கு இருந்தது. நெட்டை ஆட்களுக்கே கட்டிக் கட்டி அவர் கை அந்த அளவிலேயே ஊறிப்போயிருக்கிறது. நானோ குட்டை. "யாரு மச்சான் அந்த நெட்டச்சி? அவளையே வந்து ஆக்கிப்போடச் சொல்லுங்க" என்றேன். மனுஷனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. வளைகுடாவுக்குத் திரும்புகிற அன்று ஒரு பலகையை இழைத்து மேடையடியில் போட்டுவிட்டு, "அடுத்த லீவுல எறக்கித் தாரேன்" என்றார். இன்றைக்கும் அந்தப் பலகையில் ஏறி நின்றுதான் சோறு வடிக்கிறேன்.

அடுத்த லீவு என்று ஒன்று வரவில்லை. இருமலோடு ஒரேயடியாக வந்து சேர்ந்தார். டைல்ஸ் அறுக்கிற மிஷினிலிருந்து பறந்த தூசி வருஷக்கணக்காக நெஞ்சுக்குள் போய்ப் படிந்திருக்கிறது, நுரையீரல் இறுகிவிட்டது, இனிமேல் தூசி ஆகவே ஆகாது என்று மதுரை டாக்டர் சொன்னார். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தார். அருப்புக்கோட்டை தாண்டியதும் அவராகவே, "நான் ஒட்டுன தரையெல்லாம் நல்லாத்தான் இருக்கும்" என்றார். அவரைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. முந்தானையைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

எங்கள் வீட்டில் கக்கூசும் குளிக்கிற இடமும் கொல்லைக் கடைசியில் இருந்தன. அவ்வளவு தூரம் நடந்து போய் வந்தால் அவருக்கு மூச்சு இழுத்துவிடும். கட்டிலில் வைத்தே நான் துடைத்துவிடுகிறேன் என்றதற்கு அப்படியொரு கோபம் வந்தது. "என்னைய யாரும் தூக்கிக் குளிப்பாட்டக் கூடாது. எங்காலுல நடந்துபோயி நானே குளிக்கணும்" என்றார். அந்தக் கடைசிக் காலத்தில் அவர் ஆசைப்பட்டுக் கேட்டது அது ஒன்றுதான். அதனால் அடுப்படியின் பின்பாதியை, விறகடுப்பு எரிந்து கரிபிடித்துக் கிடந்த பகுதியை, தடுத்துக் குளியலறை ஆக்குவது என்று முடிவு செய்தோம். நாற்காலி போட்டு உட்கார்ந்து குளிக்கிற மாதிரி அகலமாக இருக்கட்டும் என்றார்.

சுவர் வைக்கவும் பைப்பு இழுக்கவும் அருப்புக்கோட்டையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அதில் ஒன்றும் குறையில்லை. தரைக்கு வந்தவர் மிஷினை ஓட்டியதும் வீடு முழுக்க வெள்ளையாகப் புழுதி எழும்பியது. முன்னறையில் படுத்திருந்த மச்சானுக்கு உதடு நீலம் பாய்ந்துவிட்டது. வந்தவர் பாவம், அவருக்கு என்ன தெரியும்? காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன். மச்சான் மூச்சு நிதானத்துக்கு வந்த பிறகு, "நான் போடுறேன்" என்றேன். "எத?" என்றார். "தரைய." அவர் சிரித்தார், சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. இருமி ஓய்ந்ததும், "சரி, வேப்ப மரத்தடியில வச்சு அறு. டைல்ஸைத் தண்ணியில ஊறப்போட்டு, கையால கோடு கிழிச்சு ஒடி. மிஷினு வேணாம்" என்றார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. அவர் அடுப்படியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். நான் உள்ளே சேலையை வரிந்துகட்டிக்கொண்டு முட்டிபோட்டு இருப்பேன். கலவையைப் பார்த்துவிட்டு, "இது என்ன, இட்லிக்கா கரைக்கிற? புட்டு மாவு கணக்கா இருக்கணும். புடிச்சா புடிபடணும், விட்டா உதுரணும்" என்பார். அதற்குப் பிறகு எனக்குப் பதம் தப்பவில்லை. சமையல் கணக்கில் சொன்னால் இவளுக்கு ஏறும் என்று கண்டுகொண்டார். டைல்ஸை ரப்பர் சுத்தியலால் தட்டும்போது, "மெத்துன்னு கேக்கணும். தொம்முன்னு கேட்டா அடியில காத்து நிக்கிதுன்னு அர்த்தம்" என்பார். எத்தனையோ வருஷம் போனிலேயே குடும்பம் நடத்தியவர்கள் நாங்கள். நாள் முழுக்க எதிரெதிரே உட்கார்ந்து இத்தனை பேச்சு பேசியது அந்த வேலையின்போதுதான். நான் சந்தோஷமாக இருந்தேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் அது உண்மை.

தரையில் தண்ணீர் தேங்காமல் மூலைக்கு ஓட வேண்டும், அந்தச் சரிவைத்தான் வாட்டம் என்பார்கள். "அங்கெல்லாம் தரை முழுக்கத் தண்ணிய நிப்பாட்டிச் சோதிப்போம். லாரித் தண்ணிக்குக் குடத்தத் தூக்கிட்டு நிக்கிற ஊருல அதுக்கு எங்க போறது? ஒரு கோலிக்குண்டு வாங்கிட்டு வா" என்றார். வாங்கி வந்தேன். தரை முழுவதும் ஒட்டி முடித்த அன்று கதவோரம் வைத்துவிட்டேன். அது பாதி தூரம் போயிற்று, நின்றது, பிறகு மெதுவாகத் திரும்பி என் கால்பக்கமே வந்தது. அவர் நாற்காலியிலிருந்து குனிந்து அதைப் பார்த்தார். "பிரிச்சுப் போடு புள்ள" என்றார்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இடுப்பு விட்டுப்போயிருந்தது, விரல் நுனியெல்லாம் சிமெண்டு தின்று வெடித்திருந்தது. "கொஞ்சத் தண்ணிதான மச்சான் நிக்கும்? தள்ளிவிட்டுக்கிறலாம். வர்ற வெள்ளிக்கெழம நீங்க மொதல்ல இதுல குளிங்க" என்றேன். அவர் தலையை ஆட்டினார். "எனக்குன்னா இதே போதும். தண்ணி நின்னா பாசி புடிக்கும், நம்ம போருத் தண்ணி உப்பும் சேந்துக்கிரும். நான் போன பெறகு நீ வழுக்கி விழுந்து கெடந்தா ஒன்னையத் தூக்க யாரு இருக்கா?" என்றார். நான் அவருக்காகத் தரை போட்டுக்கொண்டிருந்தேன். அவர் எனக்காகப் போட வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அழுதுகொண்டேதான் ஒவ்வொன்றாகப் பெயர்த்தேன். தூசி எழும்பாமல் இருக்க ஈரச்சாக்கு போட்டு மூடிக்கொண்டேன்.

மறுபடி கலவை போட்டு, நூல் கட்டி, ஒட்டி முடித்துக் கோலியை விட்டபோது அது எங்கும் நிற்காமல் நேரே மூலைக்குப் போயிற்று. "மாஷா அல்லாஹ்" என்றார், சத்தமே இல்லாமல். இன்னொரு தடவை விடச் சொல்லிப் பார்த்தார். பிறகு, "நல்லா எறுகட்டும், அதுவரைக்கும் யாரும் தண்ணி ஊத்தாதீக. வெள்ளிக்கெழம குளிச்சிட்டு ஜும்மா தொழுகைக்குப் போவேன்" என்றார். இடையில் இருந்த வெள்ளிக்கிழமை அந்தப் பிரித்துப்போட்ட வேலையிலேயே போயிருந்தது, அவர் சொன்னது அதற்கு அடுத்தது. நாற்காலியை உள்ளே கொண்டுபோய் வைத்தேன். உப்பில்லாத லாரித் தண்ணீரைப் புது டிரம்மில் பிடித்து மூடி வைத்தேன். வெள்ளைச் சட்டைக்குக் கஞ்சிபோட்டுத் தேய்த்து ஆணியில் மாட்டினேன். வியாழக்கிழமை காலையில் டீயைக் கொண்டுபோய் எழுப்பினேன், அவர் எழுந்திருக்கவில்லை.

அடக்கத்துக்கு முன்னால் மையத்தை, அவர் உடலை, குளிப்பாட்டக் கொல்லையில் மறைப்புக் கட்டப் போனவர்களை ஊர்ப் பெரியவர் ஒருவர் தடுத்து, உள்ளே புது பாத்ரூம் அகலமாக இருக்கிறதே, அங்கேயே செய்யலாம் என்றார். நான் வைத்திருந்த நாற்காலியை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு, மையத்தைக் கிடத்திக் குளிப்பாட்டுகிற பள்ளிவாசல் பலகையை உள்ளே கொண்டுபோனார்கள். யாரும் தூக்கக் கூடாது என்று சொன்ன மனுஷனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் பிடித்து வைத்த டிரம் தண்ணீரைத்தான் மொண்டு ஊற்றினார்கள். பெண்கள் என்னை அணைத்துப் பிடித்திருந்தார்கள், நான் அடுப்படிக் கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஓதுவது எதுவும் எனக்குக் கேட்கவில்லை. தண்ணீர் நிற்கிறதா, ஓடுகிறதா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். ஊற்ற ஊற்ற அது குழாயில் இறங்கிப் போய்க்கொண்டே இருந்தது. குளிப்பாட்டி முடித்து வெளியே வந்த என் கொழுந்தன், எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்து, "மதினி, ஒரு சொட்டுத் தண்ணி நிக்கல. அண்ணன் கை வேலை கணக்காவே இருக்கு" என்றார். அதுவரை அழாமல் இருந்தவள் அதைக் கேட்டுத்தான் கதறினேன்.

புருஷனை இழந்தவள் தனித்திருக்க வேண்டிய இத்தா மாதங்களில், வெளியே போகாமல் அந்த வீட்டுக்குள்ளேயே கிடந்தபோது, அந்தக் குளியலறைதான் எனக்குத் துணை. முதல் தடவை குளிக்கப் போனபோது தண்ணீர் ஊற்ற மனசு வராமல் நெடுநேரம் நின்றேன். இப்போது பழகிவிட்டது. எங்கேயும் பாசி பிடிக்கவில்லை, நான் ஒரு தடவைகூட வழுக்கவில்லை. அவர் நினைத்தது நடந்துவிட்டது. இன்று காலையிலும் கோலியை விட்டேன், நேரே மூலைக்குப் போய் நின்றது. பார்த்துக்கொண்டே நின்றேன். கோலி திரும்பி என் கால்பக்கம் வந்த அந்தப் பழைய தரையே எனக்குப் போதும் மச்சான், அதில் நீங்கள் ஒரு தடவையாவது குளித்திருப்பீர்கள்.