படத்தில் இருந்த நாடி

எனக்குச் சந்தேகப் புத்தி என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். மீன் வாங்கப் போனால் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் விடமாட்டேன். அதனால்தான் கனடாவில் இருக்கும் அண்ணனுக்குப் பெண் பார்க்கக் கொக்குவிலில் இருந்து நெல்லியடிக்கு என்னை அனுப்பினார்கள். தரகர் தந்த படம் கைப்பையில் இருந்தது. அண்ணனுக்கு நாற்பது நெருங்குகிறது. இந்தச் சம்பந்தமும் குழம்பினால் அம்மா தாங்கமாட்டா.

பெண் தேநீரோடு வந்தாள். படத்தில் இருந்தவளுக்கு உதட்டுக்குக் கீழே நாடி உருண்டு திரண்டு, கன்னத்தோடு ஒரே சதையாக இருந்தது. இவளுடைய நாடியோ ஒடுங்கிக் கூராக இருந்தது. ஆளை மாற்றிவிட்டார்கள் என்றே முடிவு கட்டினேன். அக்கா தங்கை உண்டா என்று தாயிடம் கேட்டேன். ஒரே பிள்ளை என்றார். அதையும் நான் நம்பவில்லை.

"பிள்ளையோடை கொஞ்சம் தனியக் கதைக்கலாமோ?" என்றேன். தாய் உள்ளே போனதும் படத்தை நீட்டினேன். "இது உம்மடை படமோ?"

"ஓம் அக்கா, என்ரைதான். எனக்கு நாடி உள்ளுக்குப் போயிருந்தது. கொழும்பிலை ஒப்பரேசன் செய்து எலும்பை வெட்டி முன்னுக்கு வைச்சவை. உது ஒப்பரேசன் முடிஞ்சு இருபது நாளிலை எடுத்த படம். வீக்கம் வத்திறதுக்கு முதலே அம்மா அவசரப்பட்டுக் குடுத்திட்டா. எலும்பு அண்டைக்கே இடத்துக்கு வந்திட்டுது, சதை அதோடை படிய மாதக்கணக்கு எடுக்கும் எண்டு டொக்டர் சொன்னவர்."

நன்றாகச் சோடித்த கதை என்று நினைத்தேன். அவள் தேநீரைக் குடித்தாள். கீழ் உதட்டோரம் ஒரு சொட்டு வழிந்து நாடியில் தொங்கியது. அவள் துடைக்கவில்லை. சட்டையில் விழுந்து ஈரம் பட்ட பிறகுதான் குனிந்து பார்த்தாள்.

"இன்னும் உணர்ச்சி முழுசா வரேல்லை," என்று வெட்கப்பட்டாள்.

அதை யாராலும் நடிக்க முடியாது. எனக்கு என்மேலேயே கோபம் வந்தது. என் லேஞ்சியை எடுத்துக் கொடுத்தேன்.

துடைத்துக்கொண்டே கேட்டாள்: "உங்கடை அண்ணையின்ரை படம் எப்ப எடுத்தது அக்கா?"

சும்மா கேட்ட கேள்விதான். ஆனால் அந்தப் படத்தைத் தேடி எடுத்துத் தரகரிடம் கொடுத்தவள் நான். அதில் அண்ணனுக்குத் தலை நிறைய முடி.

"பத்து வருசத்துக்கு முந்தி," என்றேன். "இப்ப முன்பக்கம் ஒண்டும் இல்லை."

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். "வேறை என்ன மறைச்சனீங்கள்?"

"வேறை ஒண்டும் இல்லை, தங்கச்சி."

உண்மையைத்தான் சொன்னேன். அவள் நம்பவில்லை. அவளுடைய இடத்தில் இருந்திருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.