ஏறிய படகும் இறங்கிய படகும்

புரோகிராம் தப்புப் பண்ணிய பிறகு திருத்திக் கொடுத்தால் கெட்டிக்காரன் என்பார்கள். தப்பே பண்ணாது என்று முன்கூட்டியே நிரூபிக்கிறேன் என்றால், வேறு வேலை இல்லாதவன் என்பார்கள். இதே தொழிலில் மாட்டிக்கொண்ட உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நான் முதுகுளத்தூர்ப் பக்கத்து மிளகாய்க் காட்டுக்காரன். கல்லூரி வாசலை மிதிக்காமல், புத்தகங்களை வைத்தே கற்றவன். என் மனைவி செல்வி கடலோரத்துக்காரி. கல்யாணத்துக்குப் பிறகு அவள் ஊரிலேயே தங்கிவிட்டேன்.

எழுதும் முன் எழுதியது

எங்கள் ஊர்ப் படகுச் சங்கத்தின் செயலாளர் காதர் பாய். கடலுக்குப் போகும் விசைப்படகு ஒவ்வொன்றும் சங்கத்தில் டோக்கன் வாங்கிப் போகும், திரும்பியதும் கொடுக்கும். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தரச் சொன்னார். காற்று எச்சரிக்கை வந்தால், கடலில் யார் யார் இருக்கிறார்கள் என்பது அந்த நிமிடமே தெரிய வேண்டும்.

நான் முதலில் ஒரே ஒரு விதியை எழுதினேன்: கடலில் இருக்கும் ஒருவரைக்கூடக் கரையில் இருப்பதாகக் காட்டக் கூடாது. பிறகு, புரோகிராமைத் தொடாமலே, படகு போவது, வருவது, டோக்கன் தருவது எல்லாவற்றையும் தர்க்கக் குறிகளில் எழுதிக்கொண்டே இருந்தேன். இரண்டு வாரம் கழித்து எட்டிப் பார்த்த பாய் சொன்னார்: "தம்பி, வீடு கட்டச் சொன்னா நீங்க இன்னும் மனையவே சுத்திச் சுத்தி வாரீகளே!"

பிழை இல்லை

எழுதியதைச் சரிபார்க்கும் கருவியிடம் கொடுத்தேன். எந்தப் படகு முந்தினாலும், எது பிந்தினாலும், நடக்கக்கூடிய அத்தனை வரிசைகளையும் அது ஒன்றுவிடாமல் நடந்து பார்க்கும். அலையை ஒவ்வொன்றாக எண்ணி முடிப்பது மாதிரி. பதினைந்து நிமிடத்தில், பிழை இல்லை என்று சொன்னது. நேரே வீட்டுக்குள் ஓடினேன்.

அடுக்களையில் செல்வி சூடை மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். பெருமையாக விளக்கினேன்: ஐந்து பேர் போன படகு டோக்கனைத் திருப்பித் தந்தால், ஐந்து பேரும் கரையேறிவிட்டார்கள் என்று அர்த்தம். அவள் அரிவாள்மணையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"போன போட்லயேதான் வரணும்னு யாருங்க சொன்னது? எங்கண்ணன் பாதி நாளு வேற போட்லதான் வந்து எறங்கும்."

ஏழு படி

உண்மைதான். வலை கனத்தால் பக்கத்துப் படகிலிருந்து ஆள் கேட்பார்கள். உடம்புக்கு முடியாதவனைக் கரைக்குப் போகும் படகில் ஏற்றிவிடுவார்கள். மிளகாய்க் காட்டுக்காரனுக்கு இது எங்கே தெரியும்? 'நடுக்கடலில் ஆள் படகு மாறலாம்' என்று ஒரு வரி சேர்த்தேன். கருவி இமைக்கும் நேரத்தில் ஏழு படியில் ஒரு கதை சொன்னது. ஒருவன் படகு மாறுகிறான். அவன் முதலில் ஏறிப் போன படகு கரைக்கு வந்து டோக்கனைத் தருகிறது. கணக்கில் அவன் கரையில், உண்மையில் கடலில். எங்கும் நடந்திராத ஒன்றை, நடந்ததுபோல அத்தனை துல்லியமாகப் பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

படகுக்கு டோக்கன் வேண்டாம், ஆளுக்கு ஒன்று, அவரவர் கையால்தான் திருப்பித் தர வேண்டும் என்று மாற்றினேன். படகு டிரைவர் முனியசாமிக்கு அது பிடிக்கவே இல்லை. "கடலுக்குப் போறமா, ரேசன் கடைக்குப் போறமா?"

ஒரு பெயர்

செல்வி கண்ணை மூடி இரண்டாவது வருஷம். ஒருநாள் மதியம் காற்று எச்சரிக்கை வந்தது. எல்லாப் படகும் வந்து கட்டியாகிவிட்டது. எல்லாரும் வந்தாச்சு என்று அதிகாரிகளுக்குச் சொல்ல, காதர் பாய் போனைக் கையில் எடுத்துவிட்டார். திரையில் மட்டும் ஒரு பெயர் நின்றது: அந்தோணி, முனியசாமி படகு.

"எல்லாப் போட்டும் கண்ணு முன்னாடி கெடக்கு, உங்க பொட்டி மட்டும் ஒத்துக்க மாட்டேங்குதே தம்பி!" என்றார் பாய்.

முனியசாமியைக் கூப்பிட்டுக் கேட்டோம். நடுக்கடலில் தேவிபட்டினத்துப் படகு ஒன்று இன்ஜின் நின்று கிடந்ததாம். இன்ஜின் வேலை தெரிந்த அந்தோணி அதில் மாறி ஏறினானாம். "இந்நேரம் அவுக ஊர்ல எறங்கி டீ குடிச்சுக்கிட்டு இருப்பான்." தேவிபட்டினத்துக்குப் போன் போட்டோம். அந்தப் படகு வரவில்லை.

முனியசாமியின் முகம் வெளுத்துவிட்டது. அவனே இன்னொரு படகையும் சேர்த்துக்கொண்டு கிளம்பினான். அன்றைக்குக் கருவி சொன்ன அதே ஏழு படி. படகின் பெயர் மட்டும்தான் வேறு. நான் திரையைப் பார்க்கப் பயந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காற்று வலுப்பதற்குள் நின்றுபோன படகைக் கட்டி இழுத்து வந்துவிட்டார்கள். அந்தோணி சொட்டச் சொட்ட நேராகச் சங்கத்துக்கு வந்து, கைலி மடிப்பிலிருந்து டோக்கனை எடுத்து மேசையில் வைத்தான்.

"இந்தாங்கண்ணே. நானே வந்துட்டேன், இப்ப எழுதிக்கிருங்க."

இப்போதும் கருவி பிழை இல்லை என்று சொன்னால், அதை நம்புவதற்கு முன்னால் அடுக்களைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன்.