துணி போட்ட எட்டாவது சீட்

இன்று மதியம் மகன் வெளிநாட்டுக்குக் கிளம்பினான். கார் தெருமுனை திரும்பியிருக்காது, அவன் வாங்கி வைத்துவிட்டுப் போன வட்டத் தட்டு மெஷின் தானாகவே வீட்டைக் கூட்ட ஆரம்பித்துவிட்டது. "ஐயோ, அதப் புடிங்க! புள்ள இன்னும் போய்ச் சேரல!" என்று அலறினாள் மனைவி. பாய்ந்து கவிழ்த்தேன். ஊருக்குப் போனவர் போய்ச் சேர்ந்த தகவல் வரும்வரை வீட்டைக் கூட்டக் கூடாது. உங்கள் வீட்டிலும் சொல்லியிருப்பார்கள்.

கவிழ்ந்த மெஷினிலிருந்து சூடான பிளாஸ்டிக் வாடை வந்தது. தஞ்சாவூர் ஆபீசில் என் சர்வர் ரூமில் அடித்த அதே வாடை.

நான் எட்டாங்கிளாஸ் பெயில். பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டிக்கொண்டிருந்தவன், வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் அந்த ஆபீசுக்கு ஃபேன் மாட்டப் போய், கம்ப்யூட்டருக்கே பொறுப்பாளியாக உட்கார்ந்தேன். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான். எட்டு சீட்டிலும் திரையும் கீபோர்டும் மட்டும். வேலையெல்லாம் நடப்பது என் சர்வரில். தலைமடையைத் திறந்தால் எட்டு வயலுக்கும் பாயும் தண்ணீர் மாதிரி.

ஒருநாள் வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்று நிபந்தனை போட்டது: சர்டிபிகேட்டுகளை வேறு யாரும் திறக்க முடியாதபடி பூட்டித்தான் மெயிலில் அனுப்ப வேண்டும், மெயிலுக்குள் அதற்கொரு பட்டன் சேர்த்துக்கொள்ளுங்கள், மாலை ஐந்துக்குள் வராவிட்டால் வேலை வேறு ஆளுக்கு. அந்த வேலைக்குப் போக வேண்டிய நாகப்பட்டினத்து நர்ஸ் பெண்ணொருத்தி காலையிலிருந்தே வாசல் நாற்காலியில் ஃபைலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பத்து நிமிஷ வேலை" என்றேன். போட்டேன். பட்டன் வந்தது, எனக்கு மட்டும். மெயில் போக வேண்டியதோ மூன்றாவது சீட் பிலோமினா பேரில். அங்கே பட்டனும் இல்லை, ஒன்றும் இல்லை.

"அண்ணே, ஒத்த மோட்டாருக்குக் காயில் போட்டாப்ல ஒங்களுக்கு மட்டும் போட்டுட்டீங்களா?" என்றாள் பிலோமினா.

எல்லாருக்கும் சேர்த்துப் போட, எல்லாரும் மெயிலை மூடியாக வேண்டுமாம். மூடச் சொன்னேன். மூடினார்கள். சர்வர் மட்டும் 'இன்னும் யாரோ திறந்து வைத்திருக்கிறார்' என்றே சொன்னது. சீட் சீட்டாக ஓடினேன். மறுபடியும் அதே. மணி நாலரை. சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. நர்ஸ் பெண் எழுந்தே நின்றுவிட்டாள்.

அப்போதுதான் மூலையில் துணி போர்த்திய எட்டாவது சீட் கண்ணில் பட்டது. பிலோமினாவின் தம்பி சார்லஸுடையது. முந்தாநாள் குவைத்துக்குப் போனவன். துணியைத் தூக்கினால் திரை எரிகிறது, அவன் மெயில் அப்படியே திறந்திருக்கிறது.

பிலோமினா ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். "மூடாதீங்கண்ணே. போய்ச் சேந்தேன்னு இன்னும் போன் வரல. நான்தான் அணைக்காம வச்சிருக்கேன்."

மாதா கோயிலுக்குப் போகிறவள்தான். ஆனாலும் கூட்டாத வீடு அவளுக்கும் உண்டு. என்னால் கையை எடுக்கவும் முடியவில்லை, வைக்கவும் முடியவில்லை. மணி நாலே முக்கால்.

அவள் வாசலைப் பார்த்தாள். அந்தப் பெண்ணையும் அவள் ஃபைலையும் பார்த்தாள். "அவளும் எங்கயோ போய்ச் சேரணும்ல" என்று சொல்லிவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டு, தானே மூடினாள்.

எட்டு சீட்டிலும் பட்டன் வந்தது. ஐந்துக்கு நாலு நிமிஷம் இருக்கையில் மெயில் போனது. நர்ஸ் பெண் அழுதாள். சார்லஸிடமிருந்து போன் வர இன்னும் மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளும் பிலோமினா என்னிடம் பேசவில்லை.

அந்த ஆபீஸ் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. எந்தப் பட்டனையும் யாரும் யாருக்கும் போட்டுக் கொடுக்க வேண்டாம், தானாக வருகிறது. போனவனுக்காக ஒரு திரையை எரியவிட்டு வைக்கவும் ஆளில்லை.

மகன் இன்னும் வானத்தில்தான் இருக்கிறான். இன்னும் சுழன்றுகொண்டிருக்கும் மெஷினை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அணைக்கவும் பயமாக இருக்கிறது.