விருந்தாளியின் ஷூ

எச்சில் துப்பித் துப்பித் துடைக்கிறாள் சனிஜே. நாலு ஜோடி ஷூ, எல்லாம் விருந்தாளிகளுடையவை. துடைத்ததும் வாசலில் வரிசையாக, முனை தெருவைப் பார்க்க வைக்கிறாள். விருந்தாளி புறப்படும்போது குனிந்து திருப்பிப் போடக் கூடாதாம், மரியாதை இல்லையாம். சொந்த வீட்டுக்காரர்களின் ஷூக்கள் சேறும் சகதியுமாக மூலையில் கிடக்கும்.

ஜெர்மன்காரனுக்குத் தப்பி அல்பேனியாவின் பெராத் ஊருக்கு வந்த யூதக் குடும்பம் அது. லூனா, அவள் புருஷன், இரண்டு பெண் குழந்தைகள். தெருவுக்கே தெரியும், ஒருத்தரும் வாய் திறந்ததில்லை. ஆனால் பக்கத்து வீட்டு பெஹிஜேவோடு தினமும் மதில் சண்டை.

"பனிக்காலம் முழுக்க நீயே வச்சுக்கிட்டே. இனிமேலாவது எங்க வீட்டுக்கு அனுப்புடி, பேராசைக்காரி!"

"போடி! உன் ரொட்டியைத் தின்னா என் விருந்தாளிங்க இளைச்சுப் போயிடுவாங்க!"

சனிஜேவின் தொண்டை ஆற்றுப்பாலம் வரை கேட்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை சிப்பாய்கள் திடுதிப்பென்று சந்துக்குள் ஏறி வந்தார்கள். நாலு பேரும் பரணில் ஒளிந்துவிட்டார்கள். ஷூக்கள்? ஐயோ, வாசலில் பளபளவென்று நிற்கின்றன! அதிகாரி லூனாவின் குதிகால் உயர்ந்த ஷூவைக் கையில் எடுத்தான்.

"யாரோடது இது?" என்றான் கூட வந்த மொழிபெயர்ப்பாளன்.

சுற்றிலும் துப்பாக்கிகள். அதற்காகச் சனிஜேவின் வாய் அடங்குமா?

"என்னோடதுதான்! நாலு ஜோடியும் எங்க வீட்டு ஆளுங்க கல்யாணத்துக்குப் போட வாங்கினது. கல்யாணத்துக்குச் சேத்துக் காலோட போகச் சொல்றியா?"

பிடுங்கித் தன் பெரிய பாதங்களைத் திணித்தாள். நடந்தும் காட்டினாள்.

"யாருக்குக் கல்யாணம்?"

அவள் முழிப்பதற்குள் மதிலுக்கு அப்பால் மேளம் அதிர்ந்தது. பெஹிஜே!

"என் மகளுக்கு! ஆட வாடின்னா அங்க என்னடி அரட்டை?"

பெஹிஜேவுக்கு மகளே கிடையாது, மூன்றும் தடிப்பயல்கள். அடேயப்பா, அடுத்த நிமிஷம் தெருப் பெண்கள் அத்தனை பேரும் பாடிக்கொண்டு சந்தில்! நடுவில் பல்லைக் கடித்துக்கொண்டு சனிஜே ஆடுகிறாள். சிப்பாய்கள் ஆளுக்கொரு கிண்ணம் ராக்கிச் சாராயம் குடித்துவிட்டு இறங்கிப் போனார்கள்.

"கல்யாணம் எங்க வீட்டுல, விருந்தாளி மட்டும் உங்க வீட்டுலயா?" என்று மதில் மேலிருந்து பெஹிஜே கத்தினாள்.

லூனா அழுதுகொண்டே பரணிலிருந்து இறங்கி வந்தாள். "எங்களால உங்க எல்லார் உயிருக்கும் ஆபத்து. இன்னிக்கே கிளம்பிடறோம்க்கா."

சனிஜே வாசற்படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள். அவள் குதிகால் கிழிந்து, ஷூவுக்குள் ரத்தம் பிசுபிசுத்தது. இடுப்பில் கட்டியிருந்த துணியால் அதைத் துடைத்தாள். பிறகு நாலு ஜோடியையும் ஒவ்வொன்றாகத் திருப்பி, முனை வீட்டுக்குள் பார்க்க வைத்தாள்.