தோல் இல்லாத வாத்தியம்

நான் நடந்தால் அது பேசியது, நின்றால் அடங்கியது. கொள்ளிடத்தை நோக்கிப் போகும் மண்சாலையில், தோளில் துணிப்பையும் கக்கத்தில் கயாம்பும் வைத்துக்கொண்டு வடக்கே போய்க்கொண்டிருந்தேன். பிற்பகல் வெயில். கயாம்ப் என்பது ரீயூனியன் தீவு வாத்தியம். கரும்புப் பூவின் காய்ந்த தண்டுகளை நெருக்கி அடுக்கி, சட்டம் வைத்துக் கட்டி, உள்ளே விதைகளைப் போட்டு மூடியிருப்பார்கள். பார்வைக்குச் சின்னத் தட்டி. இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினால் முறத்தில் நெல் புடைக்கிற சத்தம் வரும். அன்று நான் ஆட்டவில்லை. ஆனாலும் ஒவ்வொரு அடிக்கும் சலசலத்தது, களத்து நாய்கள் எழுந்து குரைத்தன. எனக்குப் பின்னால் இருந்த ஊரில் ஒரு சாவு விழுந்திருந்தது. அந்தச் சாவுக்கு மேளம் இன்னும் எழவில்லை.

அதை என் கையில் திணித்தவரை ஊரில் தீவுக்காரம்மா என்றார்கள். அவருடைய முன்னோர் காரைக்காலில் கப்பலேறிக் கரும்பு வெட்டப் போனவர்கள். அங்கே ஆப்பிரிக்க அடிமைகளின் வாரிசுகளோடு கலந்ததில், கிரியோல் என்னும் அந்தக் கலப்பு மக்களின் பாட்டும் ஆட்டமும் இவருக்கும் சொந்தமாகிவிட்டன. மலோயா என்று அதற்குப் பெயர். சென்னையில் ஏதோ ஓர் அமைப்பு அவரைப் பாபநாசத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், காலனி சமுதாயக் கூடத்தில் தங்கிப் பயிற்சி கொடுக்க ஏற்பாடு செய்திருந்தது. மேளம் தூக்க, தண்ணீர் கொண்டுவர, கடைக்கு ஓட ஓர் ஆள் வேண்டியிருந்தது. நான் அப்போது பாபநாசம் ரயிலடியில் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், எந்த வேலையிலும் ஒரு போகத்துக்கு மேல் நின்றதில்லை. கூப்பிட்டார்கள், போனேன்.

சம்பா பால் பிடித்து நின்ற நாட்கள். அறுவடை வரும்வரை பெண்களுக்குக் கையில் வேலை இல்லை. அதனால் கூடம் நிறைந்தது. பீப்பாயில் மாட்டுத்தோல் போர்த்திய பெரிய மேளங்கள் இரண்டு இருந்தன. ரூலேர் என்பார் தீவுக்காரம்மா. தரையில் படுக்கவைத்து, அதன்மேல் குதிரையேறுவது போல உட்கார்ந்து இரு கையாலும் அடிக்க வேண்டும். முதல்நாள் யாரும் ஏறவில்லை. “ஏறி உக்காந்தா வண்டி கெளம்பிடுமா?” என்று ஒருத்தி கேட்க, கூடமே சிரித்தது. புதுச்சேரியில் ஒரு வருஷம் படித்த தமிழில் தீவுக்காரம்மா பதில் சொன்னார்: “கிளம்பும். நீங்கள் ஏறுங்கள்.” முதலில் ஏறியது காலனித் தலைவரின் மருமகள். புடவையை முழங்காலுக்கு இழுத்துச் செருகிக்கொண்டு அவள் அடித்த அடி, பழகிய கையின் அடி போலிருந்தது. அதற்கு முன் அவள் மேளத்தைத் தொட்டதே இல்லை.

அதுதான் தலைவருக்குப் பொறுக்கவில்லை. அவர் வாலிபராக இருந்தபோது, இனி குடியானத் தெருச் சாவுக்குப் பறையடிக்கப் போவதில்லை என்று காலனியில் முடிவெடுத்து, வீட்டுக்கு வீடு இருந்த பறைகளை வாய்க்காலில் வீசினார்கள். முன்னால் நின்றவர் அவர். அதற்காக அடிபட்டார்கள். ஒரு நடவு முழுக்கப் பண்ணைகளில் யாருக்கும் வேலை கொடுக்கவில்லை. அவர்கள் இறங்கிவரவும் இல்லை. பிள்ளைகள் படித்தார்கள். அவர் மகள் கும்பகோணத்தில் நர்ஸ். இப்போது குடியானத் தெருவில் சாவு என்றால் வெளியூரிலிருந்து பறைமேளச் செட் வரும். தெரு முனையில் வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சிக்கொண்டு அடிக்கத் தொடங்குவார்கள்.

தலைவர் கூடத்து வாசலில் வந்து நிற்பார். உள்ளே வரமாட்டார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு எந்த ஊர் என்று கேட்டார். மன்னார்குடிப் பக்கம் என்றேன். “ஒங்கப்பன் அடிச்சவன்தானே?” என்றார். ஆமாம் என்றேன். என் அப்பா சாவு வீட்டுக் கொல்லையில் இலை போட்டுச் சாப்பிட்டவர். “அவனப் பாத்துமா ஒனக்குப் புத்தி வரல?” என்று கேட்டுவிட்டுக் காறித் துப்பினார். எனக்குக் கோபம் வரவில்லை. அந்தக் கொல்லையில் அப்பாவோடு நானும் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன்.

நிறைவு நாளன்று பெண்கள் குடியானத் தெருவில் இருந்த கல்யாண மண்டபத்தில் ஆடுவதாக இருந்தது. மண்டபம் பண்ணை வீட்டுக்குச் சொந்தம். சிங்கப்பூரிலிருந்து திரும்பியிருந்த மகன் தாராளமாகத் திறந்துவிட்டிருந்தார். அவருடைய அப்பா வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். ஒத்திகைக்காக ஒரு காலையில் மேளங்களைத் தள்ளுவண்டியில் கொண்டுபோனோம். மார்கழிப் பனியில் தோல் சோர்ந்து தொங்கியது. தீவில் இப்படி ஆனால் நெருப்பு காட்டுவார்களாம். தீவுக்காரம்மா தெரு முனையில் கிடந்த வைக்கோலை அள்ளிக் குவித்துத் தீ வைத்தார். நான் கயாம்புகளைச் சுமந்துகொண்டு பின்னால் வந்துகொண்டிருந்தேன். புகையைப் பார்த்ததும் ஓடினேன். அதற்குள் மருமகள் மேளத்தில் ஏறி உட்கார்ந்து நாலு தட்டு தட்டிவிட்டாள்.

பண்ணை வீட்டில் சாவு என்று நினைத்து, வயலில் நின்றவர்கள் துண்டைத் தோளிலிருந்து இறக்கினார்கள். யாரோ போன் போட்டார்கள். ஒரு மணி நேரத்தில் மன்னார்குடியிலிருந்து பண்ணைவீட்டுக் கிழவரின் தங்கை மகன் காரில் ரோஜா மாலையோடு வந்து இறங்கி, நேரே உள்ளே போனார். கிழவர் கட்டிலில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாராம். மாலையைப் பார்த்துவிட்டு, “யாருக்குடா?” என்று கேட்டாராம்.

மகன் மண்டபத்தைப் பூட்டிவிட்டுக் காலனிக்கே வந்தார். பின்னால் பத்துப் பதினைந்து பேர். கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. தலைவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னார்: “அடிக்க மாட்டோம்னு பெருசா சபதம் போட்டீங்க. எங்கேயோ இருந்து ஒரு பொம்பள வந்தா, வீட்டுப் பொம்பளைங்கள உக்காரவச்சு அடிக்கிறீங்க. நல்லாத்தான் அடிக்கிறீங்க. அப்பாவுக்கு வெளியூர் செட்டு எதுக்கு? சொல்லி அனுப்புறேன், வந்துருங்க.” கூட வந்தவர்கள் சிரித்தார்கள். தலைவரின் பார்வை மருமகளிடம் போய் நின்றது.

அன்று சாயங்காலம் தீவுக்காரம்மா தன் தவறு என்று சொல்லிப் பண்ணை வீட்டு வாசலில் போய் நின்றார். கதவைத் திறக்கவில்லை. மறுநாள் விடிந்ததும் கிழவர் உண்மையாகவே போய்விட்டார். வெயில் ஏறுவதற்குள் ஓர் ஆள் சைக்கிளில் வந்து, மேளத்தை எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்கள் என்றான். வராவிட்டால் அறுவடைக்கு இந்தக் காலனியிலிருந்து ஒருவரும் வயலில் இறங்க வேண்டாமாம். தலைவர் அவனை நிற்கச் சொன்னார். வீட்டுக்குள் போய் அரிவாளோடு வந்தார். அன்றுதான் கூடத்துக்குள் காலை வைத்தார். இரண்டு மேளத்தையும் குறுக்கே கிழித்தார். தடித்த தோல், சுலபமாகக் கிழியவில்லை. பாதத்தை ஊன்றிக்கொண்டு அறுத்தார். “போய்ச் சொல்லு,” என்றார் வந்தவனிடம். “இந்த ஊர்ல மேளம் இல்ல.”

தீவுக்காரம்மா தன் மொழியில் எதையோ சொல்லி அவர் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினார். பிறகு தமிழில் சொன்னார்: “எங்கள் தீவில் முதலாளிகள்தான் மேளத்தைக் கிழித்தார்கள். நாங்கள் ஒளித்துவைத்து அடித்தோம். நீங்களும் அவர்களும் ஒன்று.”

தலைவருக்கு மூச்சு வாங்கியது. “ஒங்க ஊர்ல தொடாதேன்னான், நீங்க அடிச்சீங்க. எங்க ஊர்ல அடிச்சே ஆவணும்னான், நாங்க தூக்கிப் போட்டோம். இது புரியலேன்னா பஸ் ஏறுங்கம்மா.”

மருமகள் கிழிந்த தோலைக் கையால் தூக்கிப் பார்த்தாள். மாமனார் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்: “ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே அறுத்திருப்பேன் மாமா.” அவர் அரிவாளைத் துடைக்காமல் கையிலேயே வைத்திருந்தார். அதன்பின் அந்த வீட்டில் இருவரும் பேசிக்கொண்டார்களா என்று எனக்குத் தெரியாது.

மதியம் கார் வந்தது. தீவுக்காரம்மா யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. கிழிந்த பீப்பாய்களைக் கூடத்திலேயே விட்டுவிட்டார். கயாம்ப் ஒன்று மட்டும் பெட்டியில் அடங்கவில்லை. அதை அவர் திண்டாடிப் பிடித்திருந்ததைப் பார்த்து, “அதுல தோலு இல்ல, கொண்டு போகட்டும்,” என்றார் தலைவர். உடனே தீவுக்காரம்மா அதை என் நெஞ்சில் திணித்துவிட்டுக் காரில் ஏறினார். தலைவர் விட்டுக்கொடுத்ததை எடுத்துப் போக அவருக்கு மனமில்லை போலும். எனக்கும் அங்கே இனி வேலை இல்லை. நடந்தேன்.

இப்போது நான் தங்கியிருக்கும் அறையில் அது ஆணியில் தொங்குகிறது. விதைகள் பாதி உதிர்ந்துவிட்டன. மின்விசிறி வேகமாகச் சுற்றினால் லேசாகச் சத்தம் வரும். தலைவர், தீவுக்காரம்மா இருவரில் யார் செய்தது சரி என்று பிறர் கேட்டால் நான் தலைவர் பக்கம்தான் சொல்வேன். ஆனால் மருமகள் சொன்னது மட்டும் இடையிடையே ஞாபகத்துக்கு வந்து, சொல்ல வந்ததை முடிக்கவிடாமல் செய்கிறது.

ஊரை விட்டு நடந்த அன்றிரவு கொள்ளிடக் கரையில் ஒரு மோட்டார் கொட்டகையில் படுத்தேன். காலையில் படுகையில் ஆலைக்குக் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கத்தி பிடித்துப் பழக்கமா என்றார். உண்டு என்றேன். கக்கத்தில் என்ன என்றார். “கரும்புதாங்க,” என்றேன். “வெட்ட வந்த எடத்துக்குக் கரும்பத் தூக்கிட்டு வந்துருக்கான் பாரு,” என்று அவர் சொல்ல, ஆட்கள் சிரித்தார்கள். கயாம்பை வரப்பில் சாய்த்து வைத்தேன். வெட்டு தாமதமான கரும்பு, உச்சியில் எல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. கத்தியை வாங்கிக்கொண்டு முதல் கரும்பை வளைத்தேன். பூவை ஒடித்து எறிந்துவிட்டு அடியில் வெட்டினேன்.