வாப்பாவும் ‘அசெட்’ என்ற சொல்லும்

வாப்பா மௌத்தாகி ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரில் அவர்களைப் போற்றி எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் பேனாவை எடுத்தால் முதலில் வருவது எரிச்சல்தான்.

சாய்ந்தமருதில் கரைவலை இழுக்கும் மீனவக் குடும்பமொன்றில் பிறந்து, ஆங்கில ஆசிரியராக உயர்ந்தவர்கள் வாப்பா. நேர்மையானவர்கள். பொறுமைசாலி என்றும் எழுதச் சொல்கிறார்கள், பொறுமைசாலிகள் நாங்கள்தான். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றால், ‘பஸ்’ என்ற சொல் எங்கே பிறந்தது என்று தொடங்குவார்கள். பஸ் போய்விடும்.

என் கல்யாணப் பேச்சுக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். எங்கள் பக்கம் பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் கல்யாணமில்லை. வீடு கட்டி ஓடும் போட்டாயிற்று. மாப்பிள்ளையின் வாப்பாவுக்குக் காது மந்தம். அவர் நாகரிகமாகக் கேட்டார்:

“சேர், புள்ளைக்கு அசெட் என்ன இரிக்கி?”

“வீடு” என்றால் முடிந்தது. வாப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அது பழைய பிரெஞ்சிலிருந்து வந்த சொல்லாம். இறந்தவர் விட்டுப்போனது அவருடைய கடனை அடைக்கப் போதுமா என்று நீதிமன்றத்தில் பார்ப்பார்களாம். ‘அசெட்ஸ்’ என்பதன் கடைசியில் வரும் ‘ஸ்’ பன்மையே இல்லையாம். ஆங்கிலேயர்தான் பிழையாக விளங்கி அதை வெட்டிவிட்டார்களாம். பிறகு கையை உயர்த்தி முழங்கினார்கள்:

“நம்மட பேச்சில செல்லப்போனா, காணும்!”

மந்தக் காதில் விழுந்தது, போதும் என்று பொருள்படும் அந்தக் கடைசிச் சொல் மட்டும்.

“கதைச்சது காணுமாம், எழும்புங்க” என்று அவர் குடும்பத்தோடு போய்விட்டார். வட்டிலப்பம் வெட்டாமலே கிடந்தது.

“வீட்டக் கேட்டா வீட்டச் செல்லுங்களேன்!” என்று உம்மா தலையில் அடித்துக்கொண்டார்கள். நான் அறைக்குள் அழுதுகொண்டிருந்தேன். வாப்பாவோ, “நான் பிழையா ஒண்டும் செல்லல்லயே” என்றார்கள்.

நல்லவேளை, மாப்பிள்ளை என் வாப்பாவிடம் படித்தவர். மறுநாள் தம் வாப்பாவைத் திரும்பக் கூட்டிவந்து, “அது ஏசினதில்ல வாப்பா, சேர் பாடம் எடுத்தவர்” என்று காதுக்குள் கத்தினார். கல்யாணம் நடந்தது.

அந்த மந்தக் காது மாமாதான் வாப்பாவின் கடைசி நாட்களில் தலைமாட்டில் இருந்து யாசீன் ஓதியவர். அவருக்கும், மையித்தைக் குளிப்பாட்டியவர்களுக்கும், கபுறு வெட்டியவர்களுக்கும், எங்கள் அடுப்பு எரியாத நாட்களில் சோறு அனுப்பிய அயலவர்களுக்கும் அல்லாஹ் நற்கூலி தருவானாக.

ஜனாஸா எடுத்த அன்று பின்னேரம் உறவுக்காரர் ஒருவர், “வாப்பா விட்டுட்டுப்போன அசெட் என்ன, மகள்?” என்று கேட்டார். வந்த கோபத்தில், “அது பழைய பிரெஞ்சுச் சொல்” என்று தொடங்கிவிட்டேன். கடன், நீதிமன்றம், அந்த ‘ஸ்’ எல்லாம் சொன்னேன். அர்த்தத்துக்கு வந்ததும் வாய் வரவில்லை.

காணாது, வாப்பா. எனக்குக் காணாது.